பூச்சி தொடாத கூடு

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் பதினேழு தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. அவற்றில் ஒன்றில் தினைச்சி என்ற குருவி இருந்தாள். அவள் புருஷன் பெயர் கீற்றன். கூடு பின்னுவதில் மகா கெட்டிக்காரன். ஆனாலும் அவன் பின்னியதை உடனே அவள் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நாலு தடவை உள்ளே போய்ப் பார்த்தாள். தொங்கி ஆட்டிப் பார்த்தாள். "சரி, இது ஆகும்!" என்று சொன்ன பிறகுதான் குடி வந்தாள். எதிலும் அவள் அப்படித்தான். அரைகுறை வேலை அவளுக்குப் பிடிக்காது.

அவள் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நடுவில் யாரும் "சீ, இவளும் ஒரு தாயா!" என்று குதிக்காதீர்கள். எனக்கே அங்கங்கே கோபம் வரும். ஆனால் அவள் கெட்டவள் இல்லை. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முட்டையிடுவதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலையில், ஆமணக்குச் செடியில் ஒரு பச்சைப் புழுவைத் தினைச்சி கவ்வினாள். புழு அலறியது.

"அம்மா, அம்மா! ஒரு நிமிஷம்! இன்னைக்குத்தான் நான் கூடு கட்டணும். நல்ல காம்பா ஒண்ணு இப்பத்தான் பார்த்து வெச்சிருக்கேன். நீங்களும் கூடு பார்த்துக் குடி வந்தவங்கதானே?"

தினைச்சியின் அலகு தானாகத் திறந்துகொண்டது. புழு இலையில் விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊர்ந்து போனது.

அன்று முழுக்க அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. 'இதுவரைக்கும் எத்தனை பேரைக் கூடு கட்ட விடாமல் தின்றிருப்பேன்!' என்று நினைத்து நினைத்து அழுதாள். அன்றோடு புழு பூச்சியை விட்டாள். கம்பு, தினை, புல் விதை, அவ்வளவுதான் சாப்பாடு.

இதில் ஒரு குற்றமும் இல்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். வளர்ந்த தூக்கணாங்குருவிக்குத் தானியம் போதும். அவள் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மனசு அதைவிட நன்றாக இருந்தது.

இவளோடு நின்றிருந்தால் கதையே இல்லை. சேதி வெளியே போனது. "கருவேல மரத்துத் தினைச்சி நம்மைத் தின்பதில்லையாம்!" என்று ஏரிக்கரைப் பூச்சிகள் எல்லாம் பேசிக்கொண்டன. முதலில் ஒரு தும்பி வந்து வணங்கிவிட்டுப் போனது. பிறகு துள்ளன் என்ற தத்துக்கிளி வந்தான். அவன் அவள் கிளையிலேயே, ஒரு சாண் தூரத்தில், பயமில்லாமல் உட்கார்ந்தான். ஒரு நாள் எல்லாப் பூச்சிகளும் சேர்ந்து கூட்டம் போட்டன. "எங்க உயிரைக் காத்த தாய்!" என்று தினைச்சியைப் புகழ்ந்தன. யாருக்குத்தான் அது இனிக்காது? அவளுக்கும் இனித்தது.

அப்போதுதான் துள்ளன் கேட்டான்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு நீங்க முட்டையிடுவீங்க, அது பொரியும். உங்க பிள்ளைங்களுக்கு என்ன கொடுப்பீங்க?"

அத்தனை கண்ணும் அவள் மேல்தான்.

'யோசித்துச் சொல்கிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வலித்திருக்காது! ஆனால் புகழ்ச்சி காதில் இருந்தது. தினைச்சி நெஞ்சை நிமிர்த்தினாள்.

"என் பிள்ளைங்க வாயில ஒரு கொசுவோட இறக்கைகூடப் படாது! இது சத்தியம்!"

ஆஹா, ஓஹோ என்று ஒரே ஆரவாரம். இன்னும் பொரியாத பிள்ளைகளின் சாப்பாட்டை அவள் பிறருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அது அன்று யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்று முட்டை இட்டாள். மூன்றும் பொரிந்தன. மூத்தவனுக்கு நாணல் என்று பெயர் வைத்தாள். அடுத்தவள் தோகை. கடைசிக் குஞ்சு மொச்சைக்கொட்டை அளவுக்குத்தான் இருந்தான், அதனால் அவன் மொச்சை.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சு பொரிந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சேனை வைக்க வேண்டும். மனிதர்கள் பிறந்த குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்கள் அல்லவா, அதுபோல. இவர்கள் சர்க்கரைக்கு எங்கே போவார்கள்? இளசாக ஒரு சிலந்தியைப் பிடித்து வந்து, பிசைந்து, குஞ்சின் வாயில் வைப்பார்கள். பக்கத்துக் கூட்டு நாரம்மா அன்று விடிந்ததும் கிளம்பி, ஏரிக்கரை முழுக்கத் தேடி, மெத்தென்று மூன்று சிலந்தி பிடித்து வந்தாள்.

"தினைச்சி! வாடி வெளியே! மூணு ராசா ராணியையும் காட்டு. சேனை வைக்கணும்!"

தினைச்சி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அதை எடுத்துக்கிட்டுப் போங்க. என் வீட்டுக்குள்ள கொலை வேணாம்."

"என்னடி பேச்சு இது? நீ தின்னாட்டி போ, உன் இஷ்டம். குஞ்சுக்கு வேணும்டி! கண்ணு திறக்காத பிள்ளைக்குக் கம்பையா போடுவே?"

"கம்பை ஊறவெச்சுப் போடுவேன். பால் கதிரைப் பிதுக்கி ஊட்டுவேன். என் பிள்ளைங்க கொலைகாரங்களா வளர வேணாம்."

"அப்போ என் பிள்ளைங்க கொலைகாரங்களா?"

தினைச்சி பதில் பேசவில்லை. அந்த மௌனம் நாரம்மாவைச் சுட்டுவிட்டது. மூன்று சிலந்திகளையும் ஏரியில் எறிந்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இரண்டு கூட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

ஆனாலும் தினைச்சிக்கு உள்ளுக்குள் ஒரு உதறல் இருந்தது. பக்கத்தில் வேப்ப மரத்தில் மணிப்புறா ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் இரண்டு குஞ்சு. இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. தினைச்சி அவளிடம் போனாள்.

"அக்கா, உங்க குஞ்சுக்குப் பூச்சி கொடுப்பீங்களா?"

"ஐயய்ய! பூச்சியா?" என்று புறா முகத்தைச் சுளித்தாள். "எங்க வம்சத்துலயே பூச்சி தொட்டதில்லை. நான் தானியம் தின்பேன். வாயோட வாய் வெச்சு ஊட்டுவேன். பாரேன், எப்படி இருக்காங்க!"

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவேதான்!"

தினைச்சிக்கு உயிர் திரும்பி வந்தது. 'நாரம்மாவுக்கு என்ன தெரியும்! இதோ, ஒரு குடும்பமே கொல்லாமல் வளர்கிறது!' என்று துள்ளிக்கொண்டு வந்தாள். அன்று முதல் அவள் உழைத்த உழைப்பைப் பார்த்திருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து கம்பங்கொல்லைக்கும் கூட்டுக்கும் ஓயாமல் பறந்தாள். பால் பிடித்த கதிராகத் தேடினாள். உமி நீக்கினாள். ஏரியில் நனைத்தாள். புறாவைப் போலவே வாயோடு வாய் வைத்து ஊட்டினாள். தான் தின்ன மறந்தாள். சோம்பேறித் தாய் என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

குஞ்சுகளின் வயிறு நிறைந்தது. உடம்புதான் தேறவில்லை.

மற்றக் கூடுகளில் ஒரே கூச்சல். "எனக்கு! எனக்கு! இன்னும்!" என்று காது கிழியும். தினைச்சி வீட்டில் மட்டும் சத்தமே இல்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

"பார்த்தியா? உயிரைத் தின்னாத பிள்ளைங்க எவ்வளவு அமைதி!" என்று துள்ளனிடம் சொன்னாள்.

"எல்லாம் உங்க வளர்ப்பும்மா!" என்றான் துள்ளன்.

கீற்றன் எங்கே என்கிறீர்களா? அவன் மரத்தின் மறுபக்கத்தில் இன்னொரு கூடு பின்னிக்கொண்டிருந்தான். ஆண் தூக்கணாங்குருவிகளின் வழக்கம் அது. எனக்குப் பிடிக்காத வழக்கம், ஆனாலும் வழக்கம். ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்தான்.

"பிள்ளைங்க எப்படி?"

"சத்தமே போடறதில்லை. தங்கமான பிள்ளைங்க."

"நல்லது, நல்லது!" என்று சொல்லிவிட்டு நார் ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டான்.

பத்தாம் நாள். மற்றக் குஞ்சுகளுக்கு இறகு விரிந்துவிட்டது. தினைச்சியின் குஞ்சுகளுக்குத் தோலில் குச்சி குச்சியாக நின்றது, விரியவில்லை. அன்று ஒரு குட்டிச் சிலந்தி வழி தவறிக் கூட்டுக்குள் வந்துவிட்டது. மொச்சை அதுவரை சிலந்தியைப் பார்த்ததே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் அவன் கழுத்து தானாக நீண்டது. லபக்கென்று கவ்வினான்!

"டேய், விடு!" என்று தினைச்சி பாய்ந்தாள். அவன் வாய்க்குள் அலகை விட்டுச் சிலந்தியை இழுத்து எடுத்தாள். அது நொண்டிக்கொண்டே ஓடியது.

"அது உயிர்டா! பாவம்! நம்ம வீட்டுல அதெல்லாம் கிடையாது!"

"எனக்கு அது வேணும்மா" என்றான் மொச்சை.

"வேணாம்! கம்பு இருக்கு. பசிக்குதா உனக்கு?"

மொச்சை அவள் முகத்தைப் பார்த்தான். "இல்லம்மா" என்றான். மற்ற இருவரும் "எங்களுக்கும் பசிக்கலைம்மா" என்றார்கள். தினைச்சிக்கு மனசு நிறைந்தது. என் வயிறு எரிகிறது, ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா?

பன்னிரண்டாம் நாள் காலையில் மொச்சையால் தலையைத் தூக்க முடியவில்லை. ஊட்டிய பால் கம்பு வாயோரத்தில் வழிந்தது. தினைச்சி பதறிப் போனாள். நேராகப் புறாவிடம் ஓடினாள்.

புறா அப்போதுதான் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குஞ்சு வாயை எடுத்தபோது, அதன் அலகோரத்தில் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. அது தானியம் இல்லை.

"அக்கா! என்ன அது?"

"பால்தான்."

"எந்தப் பால்?"

"என்னடி கேள்வி? நம்ம தொண்டையில ஊறுமே, அந்தப் பால்! அதைத்தானே நான் ஊட்டறேன். தானியம் எனக்கு, பால் அதுகளுக்கு. உனக்கு ஊறலையா?"

தினைச்சி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்களுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது அக்கா."

புறாவின் கண் பெரிதாகியது. "ஐயோ! அப்போ இத்தனை நாளா அந்தப் பச்சைப் பிள்ளைங்களுக்கு வெறும் கம்பா? நீ இதைக் கேட்கவே இல்லையேடி! எல்லாருக்கும் ஊறும்னு நான் நினைச்சுட்டேன்! எனக்கு வேற எதுவும் தெரியாதே!" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

தினைச்சிக்கு அழ நேரம் இல்லை. ஏரிக்கரைக்குப் பறந்தாள். பூச்சி வேண்டும். இப்போதே வேண்டும். ஆனால் பிடித்து எத்தனை நாளாயிற்று! ஒரு ஈயைத் துரத்தினாள், தப்பியது. ஒரு புழுவைக் கொத்தினாள், குறி தவறியது. மூச்சு வாங்கத் தன் கிளைக்கே திரும்பி வந்தாள்.

அங்கே துள்ளன் உட்கார்ந்திருந்தான். ஒரு சாண் தூரத்தில், எப்போதும் போல.

"வாங்கம்மா! ஏன் இப்படி மூச்சு இளைக்குது? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

மற்ற எந்தக் குருவி வந்திருந்தாலும் துள்ளன் எட்டுத் தாவலில் மறைந்திருப்பான். இவளைக் கண்டு அவன் அசையக்கூட இல்லை. இவள் கொடுத்த வாக்கை அவன் நம்பினான்.

"துள்ளா, என்னை மன்னிச்சுடு" என்றாள் தினைச்சி.

"எதுக்கும்மா?" என்றான் அவன்.

அவன் கேட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் இதற்கு மேல் விவரிக்க மாட்டேன். ஆயிரம் பூச்சியைத் தின்ற நாரம்மாகூடத் தன்னை நம்பியவனைக் கொன்றதில்லை.

கூட்டுக்குள் போனாள். மொச்சையின் வாயில் மெத்தென்ற துண்டை வைத்தாள். "சாப்பிடுடா கண்ணா. அம்மா கொண்டு வந்துட்டேன். நீ கேட்டியே, அது மாதிரிதான். சாப்பிடு!" என்றாள். அவன் அலகு திறக்கவில்லை. அவள் திறந்து வைத்தாள். அவனால் விழுங்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் உடம்பு சில்லிட்டுப் போனது.

தினைச்சி போட்ட சத்தம் பதினேழு கூட்டுக்கும் கேட்டது. முதலில் வந்தவள் நாரம்மா. அவள் வாயில் ஒரு பச்சைப் புழு இருந்தது. சேதி என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. நேராகத் தோகையின் வாயில் வைத்தாள். அடுத்த நடையில் நாணலுக்கு ஒரு சிலந்தி. இரண்டு குஞ்சும் விழுங்கிய வேகத்தைப் பார்த்துத் தினைச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்களே அக்கா!" என்றாள்.

"சொன்னேன். சொல்லிட்டு ரோஷப்பட்டுப் போயிட்டேன்" என்றாள் நாரம்மா. "என் பிள்ளைங்க கத்தும்போதெல்லாம், பக்கத்துக் கூட்டுல ஏன் சத்தமே இல்லைன்னு தோணிச்சு. எட்டிப் பார்த்தா என் கௌரவம் என்ன ஆகும்னு இருந்துட்டேன். நீ ஒருத்தி மட்டும் தப்புப் பண்ணலைடி."

அன்றிலிருந்து இருவரும் மாறி மாறிப் பூச்சி கொண்டு வந்தார்கள். தினைச்சி பிடித்த ஒவ்வொரு பூச்சியிடமும் "மன்னிச்சுடு" என்று சொல்லிவிட்டுத்தான் பிடித்தாள். பூச்சிகள் அவளை "துரோகி!" என்று ஏசின. அவள் மறுக்கவில்லை. தனக்கு மட்டும் அவள் கடைசி வரை கம்பும் தினையும்தான் தின்றாள். அதை அந்த மரத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை.

தோகை பிழைத்தாள். மற்றக் குஞ்சுகளைவிட ஒன்பது நாள் தாமதமாகப் பறந்தாள், ஆனால் பறந்தாள். நாணலும் பிழைத்தான். இறகுதான் சரியாக வரவில்லை. விரிய வேண்டிய நாளில் விரியாத இறகு, பிறகு எவ்வளவு ஊட்டியும் வளைந்தே வளர்ந்தது. கிளை விட்டுக் கிளை தாவுவான். அதற்கு மேல் போனால் சரிந்து புல்லில் விழுவான்.

கம்பு அறுவடை ஆனது. கரையில் தின்ன ஒன்றும் மிச்சமில்லை. குருவிகள் எல்லாம் ஏரியைத் தாண்டி அக்கரைக்குக் கிளம்பின. வழக்கமாகக் கிளம்பும் நாள்தான். தோகை கூட்டத்தோடு கிளம்பினாள். நாரம்மா இரண்டு தடவை திரும்பி வந்து, "அவனைக் கூட்டத்து நடுவுல வெச்சு மெதுவாப் போகலாமாடி?" என்று கேட்டாள். அகன்ற ஏரி. நடுவில் உட்கார ஒரு குச்சி கிடையாது. முடியாது என்று தினைச்சி தலையை ஆட்டினாள்.

"நீங்க போங்க அக்கா. தோகையைப் பார்த்துக்கோங்க."

கூட்டம் போய்விட்டது. காலியான கூடுகள் காற்றில் ஆடின. தினைச்சியும் நாணலும் கிளையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, எல்லாரும் போறாங்க. என் இறகு மட்டும் ஏன் இப்படி?" என்று நாணல் கேட்டான்.

'பிறவியிலேயே அப்படி' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தினைச்சி அப்படிச் சொல்லவில்லை.

"அம்மா செஞ்சதுடா அது. யாரையும் கொல்லாத தாயா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். எல்லாரும் என்னை நல்லவள்னு சொன்னாங்க. அந்தப் பேரைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க மூணு பேரையும் சரியாப் பார்க்கலை."

நாணல் அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நாங்களும் ஒரு பொய் சொன்னோம்மா. பசிக்கலைன்னு சொன்னோமே, அது பொய். ரொம்பப் பசிச்சுது. பசிக்குதுன்னு சொன்னா அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும், யாரும் சொல்லாதீங்கன்னு மொச்சைதான் சொன்னான்."

தினைச்சி மகனை இறக்கைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளால் அது ஒன்றுதான் அப்போது முடிந்தது.

நம் மனசுக்கு நல்லதென்று பட்ட நோன்பை நாம் ஆயுள் முழுக்க நோற்கலாம், ஆனால் அதன் பசியை வாய் திறந்து காத்திருக்கும் பிள்ளையின் மேல் சுமத்த எந்தத் தாய்க்கும் தகப்பனுக்கும் உரிமை இல்லை.